ஒழுங்கைகள் அறிந்த அப்பா

எங்கள் அப்பா பிறந்தது கொச்சிக்கடையில், துறைமுக மதிலை ஒட்டிய ஒரு வீட்டின் பின்னறையில். கப்பல் ஊதியபோதுதான் தாம் முதன்முதலாக அழுததாகச் சொல்வார். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், வயது வந்ததும் லொறிச் சாரதியானார். துறைமுகத்திலிருந்து பேலியகொடைக் களஞ்சியங்களுக்கு முப்பது வருடங்களுக்கு மேல் பொருள் ஏற்றினார். அம்மாவை மணந்து கொட்டாஞ்சேனையில் குடியேறினார். எந்தக் குறுகிய ஒழுங்கை எங்கே திரும்பும், எதற்குள் லொறி நுழைந்தால் யாருடைய மதில் உரசும் என்பதெல்லாம் கண்ணை மூடினாலும் அவருக்குத் தெரியும்.

அப்பா மதுவைத் தொட்டதில்லை. ஈரல் நோய் என்றதும் சிலர் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி வேறொன்றை விசாரித்ததால் இதை எழுதுகிறேன். நீரிழிவும் ஈரலில் படிந்த கொழுப்பும் பல வருடங்கள் சத்தமில்லாமல் வேலை செய்திருந்தன. ஈரல் தழும்பேறிச் சுருங்கிய பிறகே எங்களுக்குத் தெரிய வந்தது.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். எங்கள் குடும்பத்தில் அந்தப் படியை மிதித்தவள் நான் ஒருத்திதான். ஆகவே ஸ்கான் அறிக்கை என் கைக்கு வந்தது. சித்தப்பாவும் அத்தையும் சூழ்ந்திருக்க, மேசையில் விரித்து விளக்கினேன். ஈரலுக்குள் போகும் வழி இறுகிவிட்டது, ஆனால் இரத்தம் புதிய நாளங்களைத் திறந்து சுற்றிப் போகிறது, மண்ணீரலுக்கு அருகே விரல் பருமனில் ஒன்று இருக்கிறது என்றேன். உடம்பு தனக்குத் தானே வழி கண்டுவிட்டது என்று பெருமையோடு முடித்தேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லோரும் அந்தோனியார் கோயிலுக்குப் போய் நன்றிக்காக மெழுகுதிரி கொளுத்தினோம்.

அப்பாவும் ஒன்று கொளுத்தினார். திரும்பி நடக்கையில் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “பெரிய றோட்டு அடைச்சாத்தான் மகள், லொறி ஒழுங்கைக்குள்ள வரும். அது நல்ல சேதி இல்ல.”

“அப்ப ஏன் திரி கொளுத்தினீங்க?”

“நீ அவ்வளவு வடிவா வாசிச்சாய். அதுக்கு.”

மறுவாரம் மருத்துவர் சொன்னதும் அதேதான். வழிமாறிய இரத்தம் ஈரலில் சுத்தமாகாமல் மூளைக்குப் போய்விடும். உணவுக்குழாயில் வீங்கியிருக்கும் நாளங்கள் வெடிக்கலாம். எத்தனை வருடம் என்று அப்பா சிங்களத்தில் கேட்டார். கணக்குச் சொல்ல முடியாது, அந்தப் பெரிய நாளம் இருக்கும்வரை புத்தித் தடுமாற்றம் திரும்பத் திரும்ப வரும், ஈரலும் மெல்ல மெல்லத் தளரும் என்றார் மருத்துவர். அதை அடைக்க முடியாதா என்று நான் கேட்டேன். சிலருக்கு அடைக்கலாம், அப்பாவுக்கு அடைத்தால் உணவுக்குழாய் நாளங்களில் அழுத்தம் ஏறிவிடும் என்றார். பஸ்ஸில் ஏறி அமர்ந்தபின் அப்பா ஒன்றே ஒன்று சொன்னார்: “உன்ட பட்டமளிப்பு அண்டைக்கு எனக்கு உன்னைத் தெரிய வேணும். அது போதும்.”

அதன்பின் எங்கள் வீட்டுப் பிற்பகல்கள் கனவு போலாயின. யன்னல் வெயில் கட்டிலில் விழும். அப்பா சாய்ந்தபடி, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்து, இப்போது இல்லாத ஒழுங்கைகளுக்குள் திருப்புவார். “மதில் உரசும், கொஞ்சம் பின்னுக்கு எடுங்க” என்று அம்மா வாசலில் நின்று சொல்வார். அப்பா கீழ்ப்படிவார். ஒருநாள் என்னைத் துறைமுக அலுவலகப் பெண் என்று எண்ணி, மிஸ் எந்தக் கந்தோர், பொருள் ஏற்றும் கடிதம் முடிய எவ்வளவு நேரம் செல்லும் என்று மரியாதையாகக் கேட்டார். எனக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம் என்று மட்டும் சொன்னேன். மருத்துவர் எழுதிய இனிப்பான ஒரு சிரப் கொடுப்போம். வயிறு இளகி நஞ்சு கழிய, இரண்டு நாளில் அப்பா எங்கிருந்தோ மெல்லத் திரும்பி வருவார்.

பட்டமளிப்பு அன்று காலையில் சித்தப்பாவுக்குக் கவலை. மண்டபத்தில் அவசரம் வந்தால் வெட்கம், இன்றைக்கு மட்டும் சிரப்பை விடுங்கள் அண்ணே என்றார்.

“ஓட வந்தா ஓடுறன்,” என்றார் அப்பா. “பிள்ளையைத் தெரியாம கதிரையில இருக்கிறதுக்கு அது நல்லம்.” குடித்துவிட்டுத்தான் புறப்பட்டார்.

என் பெயர் அழைக்கப்பட்டபோது மேடையிலிருந்து பார்த்தேன். அம்மாவின் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. முடிந்ததும் வெளியே ஓடினேன். தாழ்வாரத்தின் கடைசியில் அப்பா ஈரக் கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஒரே மாதிரிக் கறுப்பு அங்கியில் நூறு பேர் அவரைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். தூரத்திலேயே என்னைக் கண்டு என் முழுப் பெயரையும் சொல்லி அழைத்தார்.

எட்டு மாதங்களின் பின், ஒரு காலைப்பொழுதில், அந்தக் கனவிலிருந்து அப்பா திரும்பவில்லை.

இடையில் ஒருமுறை நாளம் வெடித்து அப்பா இரத்தவாந்தி எடுத்த நாளில் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடிய பக்கத்து வீட்டு அண்ணாவுக்கும், மருந்துத் தட்டுப்பாட்டு நாட்களில் எங்களுக்கென ஒரு போத்தல் சிரப் ஒதுக்கி வைத்த, நாங்கள் ‘அய்யே’ என்று அழைக்கும் பாமசிச் சிங்கள அண்ணாவுக்கும், வாட்டில் அப்பாவை முகம் சுளிக்காமல் கழுவிய ஊழியர்களுக்கும், அப்பா போன பின் இந்த ஓராண்டாக எங்களைத் தனியே விடாத உறவினருக்கும் எம் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அடக்கத்தன்று பெரிய தெரு அடைபட்டுக் கிடந்தது. அப்பாவைச் சுமந்து சென்ற வாகனத்தின் சாரதி யாரிடமும் கேட்காமல் ஒழுங்கைக்குள் திருப்பினார். நாங்கள் பின்னால் நடந்தோம். ஒரு மதிலும் உரசவில்லை.