நிஜினின் மூன்று வார ஆலோசனை

என் தம்பி நிஜினுக்கு ஆலோசனை ஒரு பிறவி நோய். பாறசாலையில் நெய்யாற்றின்கரை பஸ்ஸுக்கு நின்றால், அடுத்ததில் இடம் கிடைக்குமோ என்று மூன்று பஸ்ஸை விடுவான். முப்பத்தொரு வயசு. மூளை உண்டு, முடிவு மட்டும் வராது.

என் தையல் கடை மாடியில் அவனும் அம்பூரிக்காரி ஜீனாவும் சேர்ந்து கம்ப்யூட்டர் ஆபீஸ் நடத்துகிறார்கள். ஒரு கிளினிக்குக்கு டோக்கன் ஆப் செய்து கொடுக்க வேண்டும். அதற்கு, டோக்கன் எண்ணைக் கேட்டதும் விவரத்தை மெமரியிலிருந்து சட்டென்று எடுத்துத் தரும் டேட்டா ஸ்டோர் ஒன்று தேவையாம். யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி நாலைந்து கிடைக்கின்றன. ரெடிஸ் நல்லது, ஆனால் நடுவில் உரிமத்தை மாற்றினார்கள். அதிலிருந்து பிரிந்த வால்கீயும் நல்லது, ஆனால் புதுசு. இப்படியே மூன்று வாரம் மார்க் போட்டுக்கொண்டிருந்தான்.

அதே மூன்று வாரமாக ஜீனாவும் காத்திருந்தாள். "நமக்கு கல்யாணம் கழிக்கலாமா?" என்று அவளே வாய்விட்டுக் கேட்டாள், பாவம். இந்த மரமண்டை "ஆலோசிச்சு சொல்லுதேன்" என்றிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கள்ளிக்காட்டிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். சனிக்கிழமைக்குள் இவன் சொன்னால் உண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனி மதியம் அயர்ன் பாக்ஸைப் போட்டேன். டப்பென்று ஃபியூஸ் போயிற்று. மாடியில் "அய்யோ!" என்று ஓர் அலறல். விழுந்தடித்து ஏறினேன்.

"மூணு வாரம் போட்ட மார்க் எல்லாம் போச்சக்கா! அந்த ஸ்டோருக்குள்ளயாக்கும் வச்சிருந்தேன், கரண்ட் போனதும் மெமரியில உள்ளது அழிஞ்சு போச்சு."

"டிஸ்க்ல சேவ் ஆகும்படி வைக்கலியா?" என்றாள் ஜீனா.

"அதுக்கு ரெண்டு வழி உண்டு. எது நல்லதுண்ணு ஆலோசிச்சு முடிக்குறது வர ரெண்டையும் ஆஃப் பண்ணி வச்சேன்."

ஜீனா சிரித்துச் சிரித்து மேசையில் சாய்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "செரி, இப்பம் மார்க்கும் இல்ல, மண்ணும் இல்ல. சொல்லு, எது?"

"வால்கீ. உரிமத்துல வில்லங்கம் இல்ல."

"அப்பம் நான்?"

அவன் முகம் சிவந்தது. "உன்னை நான் யாருகூடயும் வச்சுப் பாக்கலியே. பட்டியல்ல நீ மட்டுந்தான்."

"எலே, பொறவு எதுக்குல மூணு வாரம்?" என்று நான் கத்தினேன்.

"இவளுக்க அப்பாகிட்ட எப்படி பேச்சு தொடங்கணும்ணு ஆலோசிச்சேன்."

ஜீனா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "ஆலோசிச்சது மதி, போதும். வந்து ஏறு, நேரா அம்பூரிக்கு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. படியிறங்கியவன் என் கடை வாசலில் நின்றான்.

"அக்கா, எந்த சட்டை போட்டுட்டுப் போகட்டு?"

வாடிக்கைக்காரர் எலியா சாருக்குத் தைத்து வைத்திருந்த சட்டையை எடுத்து மூஞ்சியில் எறிந்தேன். ரெண்டு சைஸ் பெரிசு. அதைப் போட்டுக்கொண்டுதான் போய்ப் பெண் கேட்டான்.