ஒத்தக்கை மெக்கானிக்

இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வலது கையை மட்டும் ஆம்பிளிஃபயரின் வயிற்றுக்குள் விடுகிறார். இரண்டு கைகளும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் தெருவுக்கு அவர் 'ஒத்தக்கை'. "ரெண்டு கையும் உள்ள விட்டோம்னா கரண்டு நெஞ்சு வழியா குறுக்கால போயிரும். ஒரு கைன்னா அதுக்கு வழி கிடைக்காதுல்ல?" என்பார். பழக்கம் கடையோடு நிற்கவில்லை. கல்யாணப் போட்டோவிலும் அந்தக் கை பைக்குள்தான். "அன்னைக்காவது வெளிய எடுத்திருக்கலாம்" என்று மனைவி இன்னும் குத்திக்காட்டுகிறாள்.

பழைய பெட்டி எது வந்தாலும் வரிசை மாறாது. முதலில் பெயின்ட் பிரஷால் தூசி தட்டல். அப்புறம் வால்யூம் குமிழுக்குள் ஸ்பிரே அடித்து, கரகரப்பு போகும்வரை இப்படியும் அப்படியும் திருகல். காய்ந்துபோன கெப்பாசிட்டர்களுக்குப் பதில் புதியவை. மின்சாரம் கடைசியில்தான், அதுவும் நேராக இல்லை, ஒரு குண்டு பல்பு வழியாக. பல்பு சட்டென்று எரிந்து மங்கினால் பெட்டி பிழைத்தது. மங்காமல் எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்தப் பல்பு ஞானம் பட்டுத் தெளிந்தது. புது மாப்பிள்ளையாக இருந்தபோது மாமனாரின் ஆம்பிளிஃபயரைப் பழுது பார்த்து, குடும்பமே கூடி நிற்க, மிடுக்காக நேரே சுவிட்சைப் போட்டார். குப்பென்று புகை. மாமனார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதன்பின் இருபத்திரண்டு வருஷமாக, டார்ச் லைட் கெட்டால்கூட அடுத்த தெருக் கடைக்குத்தான் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று மருமகன் எத்தனையோ நாள் மனம் நொந்திருக்கிறார்.

போன வாரம் அதே மாமனார், அதே பெட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"சும்மாதான் கெடக்குது. பாருங்க மாப்ள."

ஒத்தக்கை மற்ற வேலையெல்லாம் ஒதுக்கி வைத்தார். இன்னொரு தடவை புகைந்தால் இந்த ஜென்மத்தில் அவர் முகத்தில் முழிக்க முடியாது. கருகிய டிரான்ஸ்ஃபார்மரை மாற்றினார். இணைப்பு ஒவ்வொன்றிலும் பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தார். வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால், "பிரஷ் எங்க வச்சேன்?" என்று பதில் சொன்னார்.

இன்று காலை மாமனார் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பல்பு மாட்டும் வேலை முடிகிறவரை அவருக்குப் பொறுக்கவில்லை.

"அதான் எல்லாம் முடிஞ்சுதே. நேரா போட வேண்டியதுதான?"

"ஒரு தடவ போட்டதே போதும் மாமா."

மாமனார் மீசைக்கடியில் எதையோ அடக்கிக்கொண்டார். சுவிட்ச் விழுந்தது. பல்பு பளீரென்று எரிந்தது. பிறகு மெல்ல மெல்ல மங்கி, உள்ளே சிவப்பாக ஒரு கம்பி மட்டும் மிஞ்சியது. பல்பை விலக்கிவிட்டு நேர் இணைப்புக் கொடுத்தார் ஒத்தக்கை. புகை இல்லை, ஸ்பீக்கரில் லேசான இரைச்சல் மட்டும்.

"வால்யூம நீங்களே வைங்க மாமா."

மாமனார் வலது கையை நீட்டினார். பாதி வழியில் நிறுத்தினார். இடது கையின் நான்கு விரல்களைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, பிறகுதான் குமிழைத் திருகினார்.