லோகநாயகி தோண்டிய குழி

பழவேற்காட்டுக்கும் காட்டுப்பள்ளிக்கும் நடுவில், கடலுக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட மணல்மேட்டில் இருக்கிறது எங்கள் குப்பம். அங்கிருந்து இருபத்திரண்டு வருஷமாக மீஞ்சூருக்கு மீன் கொண்டுபோய் விற்பவர் லோகநாயகி அக்கா. ஸ்டேஷன் ரோட்டு முனையில் அவர் கூடையை இறக்கினால் யாரும் செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லை. ஐஸில் கிடந்த மீனை, "நேத்து மீனு, வேணும்னா எடு" என்று அவரே சொல்லிவிடுவார். அந்தப் பேச்சை நம்பித்தான் வாடிக்கைக்காரர்கள் அவரிடம் வந்தார்கள்.

போன டிசம்பரில் அந்த நம்பிக்கை ஆடிப்போனது. நான்கு நாள் கடல் கொதித்து அடங்கிய காலையில், கரை நெடுக மை கொட்டியது போல் ஒரு கறுப்புப் பட்டை கிடந்தது. யாரோ அதை வீடியோ எடுத்து, எண்ணெய் திரும்ப வந்துவிட்டது என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். சில வருஷங்களுக்கு முன் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கசிந்ததை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. மீன் மீஞ்சூர் போய்ச் சேருவதற்குள் வீடியோ போய்ச் சேர்ந்திருந்தது. அன்று அக்காவின் கூடை நிறைந்தபடியே திரும்பியது. ஒன்பது வருஷமாக அவரிடம் மட்டுமே வாங்கும் மோகனப்பிரியா டீச்சர்கூட, குழந்தைகள் இருக்கிற வீடு அக்கா என்று சொல்லி நகர்ந்துவிட்டாராம்.

மறுநாள் விடிந்ததும் அக்கா என்னைத் தேடி வந்தார். எங்கள் குப்பத்தில் முதலில் டிகிரி வாங்கியவன் நான். படித்தது ஜியாலஜி. கடற்கரை மணலை ஆராயும் ஒரு திட்டத்தில் மண் சேகரிக்கும் வேலை பார்க்கிறேன். அக்காவின் உள்ளங்கை நிறைய கறுப்பு மண் இருந்தது.

"நீ மண்ணத்தான நைனா படிச்ச? இது இன்னானு சொல்லு. எண்ணெயினா நான் கூடையத் தூக்க மாட்டேன். இல்லனா அத நான் காட்டியாவணும்."

கையில் ஒட்டவில்லை, வாடை இல்லை என்று நான் தொடங்கினேன். காய்ந்த தாரும் நாறாது என்று வெட்டினார். நான் பையிலிருந்து காந்தத்தை எடுத்து மண்ணின் மேல் நீட்டினேன். ஒரு பங்கு துள்ளி எழுந்து காந்தத்தில் ரோமம் மாதிரி சிலிர்த்து நின்றது. அக்கா கையில் மிச்சமிருந்ததைப் பார்த்தார்.

"இதுவும் கறுப்பாத்தான கீது? இது ஏன் எழுந்திருக்கல?"

அது இல்மனைட் என்ற கனிமம், சாதாரணக் காந்தத்துக்கு அவ்வளவாக வராது என்றேன். அதிலிருந்துதான் வெள்ளை பெயிண்டுக்கான பொடி எடுக்கிறார்கள் என்றபோது, என்னைப் பார்த்த பார்வையில் நான் டிகிரி வாங்கியதே சந்தேகமாகிவிட்டது. மாதிரியைச் சென்னைக்கு அனுப்பினால் பன்னிரண்டு நாளில் ஆய்வு முடிவு எழுத்தில் வந்துவிடும் என்றும் சொன்னேன்.

"பன்னெண்டு நாளு. மீன் கிட்ட நீயே சொல்லிடு."

கறுப்பு எப்படி வந்தது என்று கேட்டார். மேற்கே பாறை பொடிந்து ஆறுகளில் இறங்கிக் கடலுக்கு வருகிறது, எல்லா மணலும் கலந்துதான் கிடக்கும், கடல் கொதிக்கும்போது அலை முறத்தில் புடைப்பது போல் புடைத்து லேசான மணலை இழுத்துக்கொண்டு போய்விடும், கனமான கறுப்பு மட்டும் நின்றுவிடும் என்றேன். அக்கா கடல் பக்கம் திரும்பினார்.

"அப்படினா இது புதுசு இல்லியே. கடல் எத்தினி தபா கொதிச்சிருக்கு? மின்ன வந்த கறுப்பெல்லாம் எங்க?"

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. மூன்று வருஷம் இந்தக் கரையில் மண் அள்ளியவன், அதைக் கேட்காமல் பன்னிரண்டு நாள் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே வேறு மணல் படிந்து புதைந்திருக்கும் என்றேன். எங்கே தோண்டலாம் என்று நான் யோசிப்பதற்குள் அவர் மண்வெட்டியோடு மீன் ஏலக்கூடத்துக்கு நடந்துவிட்டார்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் கட்டிய கூடம் அது. அதன் சிமெண்டுத் தளத்துக்கு ஜல்லி சுமந்தவர்களில் அக்காவும் ஒருத்தர். கடல் பக்கத்து ஓரத்தில் மண் அரித்து, தளம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது.

"மத்த எடத்துல யார் வேணா கொட்டிட்டுப் போலாம். தளத்துக்கு அடில யாரு வந்து கொட்டுவா?"

தளத்தை ஒட்டி இடுப்பளவு தோண்டினோம். நான் கரண்டியால் சுவரைச் சீவிவிட்டேன். வெளிறிய மணலுக்கு நடுவே விரல் கனத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அதற்குக் கீழே நூல் போல ஒன்று. இன்னும் ஒரு முழம் கீழே, ஊற்றுத் தண்ணீர் கசியும் இடத்தில், தடிமனாக ஒன்று. மூன்றும் உடையாமல் நேராகச் சிமெண்டுத் தளத்துக்கு அடியில் போய் மறைந்தன. தளமே எண்ணூர் எண்ணெய்க்குப் பல வருஷம் மூத்தது. கோடுகள் தளத்துக்கும் மூத்தவை.

அக்கா குழிக்குள் குந்தி உட்கார்ந்து அடியிலிருந்த கறுப்புக் கோட்டை விரலால் தொட்டார்.

"இது நான் பொறக்கறதுக்கு மின்ன வந்ததா?"

இருக்கலாம் என்றேன். கோடு விழுந்தது நூறு வருஷத்துக்கு முன்னால் இருக்கலாம், ஆனால் அந்தப் பொடிகள் கிளம்பி வந்த பாறைகளில் சில இருநூறு கோடி வருஷத்துக்கும் மேல் பழையவை, அப்போது கடலில் மீனே கிடையாது என்றேன். மீன் இல்லாத கடலை அவரால் நினைத்துப் பார்க்க முடிந்ததா தெரியவில்லை. விரல் நுனியில் ஒட்டியிருந்ததை உதறாமல், சுவரில் எடுத்த இடத்திலேயே வைத்து அழுத்தினார். பிறகு எழுந்து, கோடும் தளமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுக்கச் சொன்னார். காந்தத்தையும் கேட்காமலே எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

மறுநாள் மீஞ்சூருக்குக் கூடை தூக்க நானும் கூடப் போனேன். அக்கா மீனைத் திறக்கவே இல்லை. ஒரு தாம்பாளத்தில் கறுப்பு மண்ணைக் கொட்டி, காந்தத்தை மேலே ஓட்டினார். கூட்டம் சேர்ந்தது. மிச்ச மண்ணில் தண்ணீர் ஊற்றி, எண்ணெய் மிதக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். கடைசியாகப் போட்டோவைக் காட்டித் தளத்தின் கதையைச் சொன்னார். எதிர்க் கடையின் வெள்ளைச் சுவரைக் காட்டி, அதுவும் இந்த மாதிரிக் கறுப்பிலிருந்துதான் வந்தது என்றபோது ஒருவர் சிரித்தார்.

"என்னிய ஏன் பாக்கற? படிச்ச புள்ள நிக்குது, அத கேளு."

நான் ஆமாம் என்றேன். கூட்டத்தில் நின்ற மோகனப்பிரியா டீச்சர் என் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது எண்ணெயா இருந்திருந்தா என்னக்கா செஞ்சிருப்பீங்க?"

"நேத்து குழி தோண்டற வரிக்கும் எனக்கே தெரியாது டீச்சர். எண்ணெயினா வந்து சொல்லிட்டுப் போயிருப்பேன், கூடை இல்லாம."

டீச்சர் கூடையின் மேல் இருந்த சாக்கைத் தானே விலக்கினார். ஒரு மடவை மீனை எடுத்து, அவருக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் பார்க்க, முதல் தடவையாகச் செவுளைத் தூக்கிப் பார்த்து, அக்காவின் முன்னால் வைத்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு அரிவாள்மனையை முன்னால் இழுத்துப் போட்டு, இன்னும் எத்தனை என்று கேட்டார்.