மூன்றாவது ஊதல்

இது நடந்தது. நேரங்கள் என்னிடம் எழுத்தில் இருக்கின்றன. யார் வந்து கேட்டாலும் கொப்பியைக் காட்டுவேன். ஆசுபத்திரியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன்.

1982, நோன்பு மாதம். கச்சான் காற்று நாள் முழுக்க அடித்தது. எனக்கு வயது இருபத்திரண்டு. படிப்பு முடித்துக் கல்முனையில் சும்மா இருந்தேன். அந்த வருடம் மார்ச்சில் கண்டியிலிருந்து ஒரு டொக்டர் வந்து, நெல் மில் தொழிலாளர்களின் சுவாசத்தைப் பற்றி ஆய்வு தொடங்கினார். அதில் எனக்கு வேலை கிடைத்தது.

வேலை இலேசானது. டோர்ச் லைட் அளவில் ஒரு குழாய். பக்கத்தில் இலக்கங்கள், ஒரு சிறு முள். ஆள் மூச்சை நன்றாக இழுத்து ஊத வேண்டும். முள் ஏறி, ஏறிய இடத்தில் நிற்கும். நான் இலக்கத்தை எழுதிவிட்டு முள்ளைக் கீழே தள்ள வேண்டும். ஓர் ஆளுக்கு மூன்று ஊதல். தாளில் மூன்று பெட்டிகள். ஒன்று காலியாக இருந்தாலும் டொக்டர் அந்தத் தாளை எடுக்க மாட்டார்.

நல்ல சுவாசமுள்ள ஆள் ஐந்நூறுக்கு மேல் ஊதுவான். மில்லில் முந்நூறைக் கண்டால் எனக்குச் சந்தோசம். ஆதம்பாவா காக்கா நூற்றைம்பது ஊதினார். மூத்த முஸ்லிம் ஆண்களைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

அவர் முப்பது வருடமாக உமி விழும் பக்கம் நின்று வேலை செய்தவர். புருவம், காதுமயிர் எல்லாம் தூசி. ஊதி முடித்துவிட்டு மற்றவர்களைப் பார்த்துச் சொல்வார்.

"நெல்லத்தான் லொறில ஏத்துறாங்க எண்டா, இந்தத் தம்பி நம்மட காத்தயும் கண்டிக்கு ஏத்துறாரு."

எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு இருமலாகத்தான் முடியும்.

ஜூன் கடைசியில் அவரை வாட்டில் சேர்த்தார்கள். நான் அங்கேயும் போனேன். ஏழு நாள், காலையும் மாலையும் அளக்க வேண்டும். மொத்தம் பதினான்கு தாள். கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஒருவரிடம் அவ்வளவு தாள் எடுத்தது கிடையாது. இது முழுமையாக வந்தால் பெரிய விசயம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

ஜூலை 7, புதன்கிழமை. வாட்டு டொக்டர் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். அந்த ஊர்களில் அப்படிச் சொன்னால் ஆளை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். முகத்தை மேற்கே திருப்பிப் படுக்க வைப்பார்கள். சொந்தக்காரர் ஒருவர் வாயில் தண்ணீர் விட்டு, காதில் கலிமா சொல்லிக்கொடுப்பார். ஆதம்பாவா காக்கா அதைத்தான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடமும் கேட்டார்.

"தம்பி, வேற ஒண்டும் வேணா. மூச்சு நம்மட ஊட்டுல வெச்சுத்தான் போகணும்."

மாலை 4.10க்கு டிக்கட் வெட்டி, வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். மனைவி சல்மா உம்மா பாயைச் சுருட்டிக் கட்டினார். சல்மா உம்மாவின் தம்பி மீராசாஹிபு மில் லொறியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். நான் தாளோடு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

பதின்மூன்று தாள் முடிந்திருந்தது.

"ஒண்டு மிச்சம் காக்கா," என்றேன். "ஆறு மணிக்கு எடுத்திட்டா முடிஞ்சிது."

"இப்பவே ஊதட்டும். ஊதிட்டுப் போவம்," என்றார் மீராசாஹிபு.

"ஆறுக்கும் ஏழுக்கும் இடையிலதான் எடுக்கலாம். டொக்டர் சொன்னது."

டொக்டர் கண்டியில் இருந்தார். மறித்தது நான்தான். ஆசுபத்திரியில் கையில் தாள் வைத்திருப்பவன் சொன்னால் அந்தச் சனம் கேட்கும்.

மீராசாஹிபு மணிக்கூட்டைப் பார்த்தார். "நெல் மூட்டை இறக்கக் கிடக்கு. நோன்பு துறந்திட்டு வாறன், மச்சான். இந்தத் தம்பிக்கு நல்லா ஊதிக் காட்டுங்க, முள்ளு முறியட்டும்."

ஆதம்பாவா காக்கா சிரிக்கவில்லை. லொறி போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நேர்ஸ் சாரதாதேவி என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"டிக்கட் வெட்டின ஆள மறிச்சு வெக்க உமக்கு ஆரு சொன்ன?"

"ரெண்டு மணித்தியாலம்தானே மிஸ்ஸி."

"அந்த மனிசன்ட ரெண்டு மணித்தியாலம் அது. உம்மடயில்ல."

6.05. அவர் கண்மூடிக் கிடந்தார். ஒட்சிசன் சீறிக்கொண்டிருந்தது.

6.15. எழுப்பினேன். எழும்பவில்லை.

6.24. சல்மா உம்மா கையில் ஈத்தம்பழம் வைத்துக்கொண்டு நின்றார். தாழ்வாரத்தில் கஞ்சிக் கோப்பைகள் வைக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க போய் நோன்பத் துறங்க உம்மா. நான் நிக்கிறன்."

"சுணங்கினா காரியமில்லையே தம்பி?"

"இல்ல உம்மா."

போனார். 6.26க்குப் பாங்கு சொன்னது. பார்க்க வந்தவர்கள், அட்டெண்டன்மார், எழுந்து நடக்கக்கூடிய நோயாளிகள், எல்லோரும் தாழ்வாரத்தில் இருந்தார்கள். சாரதாதேவியைப் பக்கத்து வாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் மட்டும் நின்றேன்.

பாங்குச் சத்தத்துக்கு அவர் கண்ணைத் திறந்தார்.

குழாயை வாயில் வைத்தேன். "நல்லா இழுத்து ஊதுங்க காக்கா."

90.

முள்ளைத் தள்ளினேன். மறுபடி வைத்தேன்.

70.

"இன்னும் ஒண்டு. இதோட சரி."

இழுத்தார். நீளமாக இழுத்தார். அவ்வளவு மூச்சை அவர் நெஞ்சு எடுத்து நான் பார்த்ததில்லை. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கண்கள் என்னையே பார்த்தன.

"ஊதுங்க."

ஊதவில்லை.

"ஊதுங்க காக்கா..."

என் மணிக்கூட்டில் 6.31. கண் இமைக்கவில்லை. நெஞ்சு மேலேயே நின்றது. அப்படியே... நின்றது.

நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். பத்து அடிக்குள் அவருடைய மனைவி இருந்தார். மேசையில் தண்ணீர்க் கோப்பை இருந்தது.

நான் தாளைப் பார்த்தேன். ஒரு பெட்டி காலி.

குழாயை அவர் உதட்டிலிருந்து எடுத்தேன். ஈரமாக இருந்தது. என் வாயில் வைத்து மெதுவாக ஊதினேன். 60. எழுதினேன். முள்ளைக் கீழே தள்ளினேன். 6.33.

அதற்குப் பிறகுதான் கூப்பிட்டேன்.

சல்மா உம்மா அழவில்லை. புருசனின் கண்களைக் கையால் மூடினார்.

"தண்ணி குடுத்தீங்களா தம்பி?"

"ஓம் உம்மா."

லொறி 6.50க்கு வந்தது.

அன்றிரவே அடக்கம் செய்தார்கள். அடுத்த நாள் மாலை மில்லில் மீராசாஹிபுவைக் கண்டேன். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"குளிப்பாட்டக்குள்ள நெஞ்சு இறங்கல்ல தம்பி. எவ்வளவோ தடவிப் பாத்த. மேலதான் நிண்டிச்சி. காத்து உள்ளுக்கே இரிக்கி."

சொல்லிவிட்டு நோன்பு துறக்கப் போனார். மில்லை நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் ஊர்த் தெருவில் நாய்கூட இருக்காது. நான் உள்ளே தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். தூசி இன்னும் இறங்கவில்லை. கதவிடுக்கு வெளிச்சத்தில் அசையாமல் நின்றது.

6.31.

உமிக் குவியலின் பக்கம் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

நீளமாக. ஒரு நெஞ்சு நிறையும் அளவுக்கு.

விடும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். இருபது எண்ணினேன். முப்பது எண்ணினேன்.

விடவில்லை.

போய்ப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. உமியில் கால் தடமும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை கடற்கரை வீதியில் வந்துகொண்டிருந்தேன். மில்லும் இல்லை, உமியும் இல்லை. 6.31க்குப் பின்னால் பத்தடி தூரத்தில் கேட்டது. அதே இழுப்பு. திரும்பினேன். வெறும் வீதி.

சனிக்கிழமை சைக்கிள் கரியரில் கேட்டது. சைக்கிள் பாரமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெளியே போகவில்லை. வீட்டில் விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு இருந்தேன். தங்கை இராசாத்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தினாள்.

"அண்ணா... உங்கட முதுகுக்குப் பின்னால ஆரு மூச்சு இழுக்கிற?"

அவளுக்கும் கேட்டிருக்கிறது. அதுவரை எல்லாம் என் மனப்பயம் என்று நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காதுக்குள் கேட்டது. குளிர்ந்த உதடு தொட்டதுபோல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வெளியே கேட்கவில்லை.

6.31க்கு என் நெஞ்சு எழும்பியது.

நான் இழுக்கவில்லை. அது இழுத்தது. விலா விரிந்து, இன்னும் விரிந்து... நின்றது.

விட முடியவில்லை.

இராசாத்தி முதுகில் அடித்தாள். தண்ணீர் தெளித்தாள். கண் இருண்டது.

6.33க்கு விட்டது.

கொப்பியில் எழுதினேன். இரண்டு நிமிடம்.

நாளைக்கு எத்தனை?

புதன்கிழமை மாலை 6.10க்குச் சல்மா உம்மாவின் வீட்டுக்குப் போனேன். வேறு போக இடமில்லை. அவர் இத்தா இருந்தார். புருசன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களுக்கு முன்னால் வருவதில்லை. அறை வாசலில் வெள்ளைச் சீலை தொங்கியது. மீராசாஹிபு என்னை வெளியில் மர வாங்கில் இருத்தினார்.

"என்ன தம்பி, இன்னும் ஊதல் மிச்சமா?"

சிரிப்புக்குச் சொன்னார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

நான் சீலையைப் பார்த்துச் சொன்னேன். டொக்டர் மறிக்கச் சொல்லவில்லை என்றேன். தண்ணீர் கொடுக்கவில்லை என்றேன். கூப்பிடவில்லை என்றேன். மூன்றாவது ஊதல் என்னுடையது என்றேன். 6.31க்கு நடப்பதையும் சொன்னேன்.

மீராசாஹிபு எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

பாங்கு சொன்னது. ஒருவரும் நோன்பு துறக்க அசையவில்லை. பிறகு சல்மா உம்மாவின் குரல் கேட்டது.

"தம்பி மீரா. இந்தக் கோப்பய அந்தப் பிள்ளைக்கிட்ட குடு."

சீலைக்குக் கீழால் ஒரு கோப்பை வந்தது. தண்ணீர்.

"குடிங்க. இது அவர்ட தண்ணி."

"உம்மா, நான்..."

"குடிங்க. மேக்கால திரும்பி இரிங்க."

திரும்பினேன். குடித்தேன்.

உள்ளேயிருந்து மெல்லிய குரலில் கலிமா கேட்டது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் நீளமாக இடைவெளி விட்டார். பின்தொடர்ந்து சொல்லும் ஒருவருக்காகக் காத்திருப்பதுபோல்.

6.31.

நெஞ்சு எழும்பியது. நின்றது.

பத்து... இருபது... கோப்பை கையிலிருந்து விழுந்தது.

பிறகு... வெளியே வந்தது.

என் வாயால் வந்தது. என் மூச்சு இல்லை. அது முடியவே இல்லை. வாயெல்லாம் உமி மணம். நாக்கில் தூள் நறநறத்தது. மீராசாஹிபு சுவரோடு ஒட்டி நின்றார்.

சீலை உள்ளே பறந்தது. கச்சான் அன்று நின்றிருந்தது. முற்றத்தில் ஓலைகூட அசையவில்லை. சீலை மட்டும் பறந்தது. பிறகு இறங்கியது.

உள்ளேயிருந்து சல்மா உம்மா சொன்னார்.

"வந்திட்டாரு."

பிறகு, "நீங்க போங்க தம்பி," என்றார்.

அதற்குப் பிறகு 6.31க்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாளும் நடக்கவில்லை. பதினான்காவது தாளைக் கிழித்தேன். வேலையை விட்டேன். டொக்டர் காரணம் கேட்டு எழுதினார். பதில் எழுதவில்லை.

இதுவரை நடந்ததை மனப்பயம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். நானே சில வருடம் அப்படிச் சொல்லிக்கொண்டேன்.

1988இல் கொழும்பில் ஒரு கடையில் கணக்கெழுதினேன். இருமல் தொடங்கியது. படி ஏற முடியவில்லை. நான் சிகரெட் தொட்டவனில்லை. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டொக்டர் என்னைக் கட்டிலில் இருக்கச் சொன்னார்.

"எந்த மில்லில வேலை செய்தீங்க?"

"மில்லில வேலை செய்யல்ல டொக்டர். நாலு மாதம் போய் வந்தன். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம்."

அவர் நம்பவில்லை. வேறு ஒரு டொக்டரைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். இருவரும் தங்களுக்குள் பேசினார்கள். பிறகு அவர் மறைக்க வேண்டாம், மில்காரருக்குச் சொல்ல மாட்டேன் என்றார்.

"இது உமித் தூசி. இப்படிப் படிய முப்பது வருசமாவது வேணும்."

எனக்கு அப்போது வயது இருபத்தெட்டு.