உசிலம்பட்டியில் இறங்கிய விண்கலம்

கப்பலூர் பழைய பேப்பர் குடோனில் நான் மூட்டை தூக்கியபோது, காகிதம் தரம் பிரித்தவர் அவர். ஒல்லியான ஆள், காதில் எப்போதும் பென்சில். எடைக்கு வரும் இங்கிலாந்து விஞ்ஞானக் கதைகளை ஒதுக்கிவைத்துப் படிப்பார். வேற்றுக்கிரகவாசி லண்டனில் இறங்கியதும் ‘உலகம் அழிகிறது’ என்று வந்தால், ‘உலகம்’ என்பதை அடித்து ‘லண்டன்’ என்று எழுதுவார்.

அவரும் ஒரு கதை எழுதினார். விண்கலம் உசிலம்பட்டிச் சந்தையில் இறங்குகிறது. நம்பும்படி இல்லை, லண்டன் என்று மாற்றினால் போடலாம் என்று பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

“மாத்திக் குடுத்துருங்கண்ணே. பேராவது அச்சுல வரும்” என்றேன்.

“வெள்ளக்காரய்ங்க ஊர ஒருத்தன் பிடிக்க வந்தா உலகமே அழியுதாம். நம்மூர அவிங்க பிடிச்சப்ப எவன் தம்பி அப்படி எழுதுனான்? இப்ப கதையிலயும் எடத்த விடணுமா?”

அவர் மாற்றவில்லை. கதையும் அச்சாகவில்லை. மாற்றச் சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பது இன்றும் உறுத்துகிறது.