செத்த காட்சிக்குப் பின் ஒரு சிரிப்பு

என் பள்ளித்தோழி வசந்தா போய்விட்டாள் என்று அவள் மகன் திருப்பத்தூரிலிருந்து வெள்ளிக்கிழமை காலை தொலைபேசியில் சொன்னான். மலையிறங்கிப் போனேன். துக்கத்துக்கு வந்தவர்கள், "சீரியல்லேர்ந்து தூக்கிட்டாங்க, அந்த ஏக்கத்துலயே போய்ட்டாங்க" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அது தவறு. அவளோடு கான்வென்ட்டில் படித்தவர்களும் தொடரில் வேலை செய்தவர்களுமாகிய நீங்கள் இந்த அஞ்சலிக் குறிப்பைப் படிப்பீர்கள் என்பதால் திருத்துகிறேன். அவளை யாரும் தூக்கவில்லை. அவளே விலகினாள். காரணம் நான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் கணவர் மலைமேல் எங்கள் புதூர்நாட்டு வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். யாருக்கும் நான் சொல்லவில்லை. வசந்தா எப்படியோ தெரிந்துகொண்டு, சென்னையிலிருந்து பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள்.

"தள்ளு லீடரு." பள்ளியில் நான் வகுப்புத் தலைவி, கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டாள்.

"ஷூட்டிங்?"

"கொன்னுடச் சொல்லிட்டேன்."

அவள் நடித்த மாமியாரைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவைக்கிறோம், எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்றார்களாம் தொடர்க்காரர்கள். அறுபது வயதுக்கு மேல் அவளுக்குக் கிடைத்த ஒரே பெரிய வேடம். ஆனாலும் மறுத்திருக்கிறாள். "வெளியூரு அனுப்புனா சனம் வாசலையே பார்த்துனு இருக்கும். கொன்னுட்டா ஒரு பாட்டம் அழுதுட்டு சோறு துன்னப் போய்டும்."

என் கையால் ஊட்டினால் என் கணவர் துப்பிவிடுவார். அவள் சாமைக் கஞ்சியோடு உட்கார்ந்து, தொடரில் பேசும் அதே குரலில் மிரட்டினாள்: "வாயத் தெறங்க சம்பந்தி. இல்லன்னா சொத்தெல்லாம் எம்பேர்ல எழுதிக்குவேன்." அவர் சிரித்தார். குடித்தார்.

பத்தாம் நாள் அவள் சாகும் காட்சி ஒளிபரப்பானது. பக்கத்து வீட்டுக் காளியம்மா எங்கள் வீட்டில்தான் தொடர் பார்ப்பாள். மாமியார் மாடிப்படியில் உருண்டாள். அடுத்த காட்சியிலேயே சுவரில் மாலை போட்ட படம். விசும்பிக்கொண்டே காளியம்மா திரும்பினாள். வசந்தா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா நீ, அங்க செத்துட்டு இங்க வந்து சொள எடுக்கிற?"

"பொணத்துக்கு அங்க சோறு போடலடி."

உயிரோடு இருப்பவள் படத்துக்கு மாலையா என்று நான் கடிந்துகொண்டேன். பிணமாக நடித்தவர்கள் எழுந்ததும் கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரித்தாக வேண்டுமாம். அதோடு தோஷம் கழிந்துவிடுமாம். அந்தச் சிரிப்பை ஒளிபரப்ப மாட்டார்களாம். "பல்லக் காட்டிட்டுத்தான் பஸ் ஏறுனேன் லீடரு."

என் கணவரின் கருமாதி முடியும்வரை இருந்தாள். அதன்பின் அப்படியொரு வேடம் அவளுக்கு வரவில்லை. ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நான் நன்றி சொன்னதும் இல்லை. ஊருக்குக் கிளம்பியபோது அவள் முந்தானை மடிப்பைத்தான் சரிசெய்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவள் தலைமாட்டில் மகன் வைத்திருந்தது தொடரில் மாட்டிய அதே படம். கண்ணாடிப் பெட்டிக்கு முன் சற்று அதிக நேரம் நின்றேன்.

என் கணவரின் கடைசிச் சிரிப்பு அவள் எனக்குக் கொடுத்தது. அதை வைத்திருக்கிறேன். அவளுடையது என்னிடம் இல்லை. செத்த காட்சிக்குப் பின் அவள் சிரித்ததைப் படம்பிடித்த ஒளிப்பதிவாளர் உங்களில் ஒருவராக இருக்கலாம். அந்தப் பதிவு இன்னும் அழியாமல் இருக்கிறதா? இல்லையென்றாலும் பரவாயில்லை, இல்லை என்று எழுதுங்கள், வாசலையே பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். தொலைபேசி வேண்டாம். கடிதம் போடுங்கள்.