பூட்டிய வீட்டுப் புகை

ஆட்கள் விட்டுப்போன ஊர்களின் படங்களைக் கைபேசியில் காட்டி, "செம அழகு தாத்தா!" என்கிறாள் பேத்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ராயபுரத்தில் எங்கள் சந்தே காலியானபோது, நைனாவுக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால் நாங்கள் மட்டும் இருந்தோம். சாவி கொடுத்துப் போனவர்கள் வீட்டிலெல்லாம் அம்மா தினமும் அடுப்பு மூட்டி வெறும் தீயை எரியவிடுவாள், கூரையில் புகை இல்லாத வீடென்றால் திருடன் கதவையே கழற்றிவிடுவான் என்று. எந்தப் புகை எப்போது அடங்குமோ என்ற பயத்தோடு நான் தெருவில் நிற்பேன்.

திரும்பி வந்த எதிர்வீட்டுக்காரி, "இன்னாக்கா, என் வெறகையெல்லாம் எரிச்சிட்டியே!" என்று சண்டைக்கு வந்தாள்.

"வெறகு கெடக்குதுடி, கதவு கீதான்னு பாரு!" என்றாள் அம்மா.

பேத்தியின் படத்தில் ஒரு வீட்டுக்கும் கதவு இல்லை. இதில் என்ன அழகு?